தினம் முப்பது மீட்டர் காகிதம்

இயற்பியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்களை முதல் வருடம் முடியும் தறுவாயில் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "டாபிக் முடிவாயிடுச்சா?" ஹாஸ்டல் மெஸ்ஸில் சீனியர் கேட்பார். ஊருக்குப் போனால் சித்தப்பா கேட்பார். ஃபெலோஷிப் படிவத்தை வாங்கி வைக்கும் அலுவலக ஊழியரும் கேட்பார். நெட், கேட், ஜெஸ்ட் என்று ஒவ்வொரு தேர்வாகத் தாண்டி வந்தவர்களுக்கு அதுவரை கேள்வியை வேறு யாரோ தயாரித்துக் கொடுத்தார்கள். விடை எழுதுவது மட்டுமே அவர்கள் வேலையாக இருந்தது. கோர்ஸ் வொர்க் முடிந்ததும் முதன்முறையாகக் கேள்வியையும் அவர்களே தேட வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில் திகைக்காதவர் அபூர்வம்.

வழிகாட்டியின் அறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பெரிய பெயர்களோடுதான் வருகிறார்கள். கரும்பொருள், குவாண்டம் ஈர்ப்பு, அறை வெப்பநிலையில் மீகடத்தி, குவாண்டம் கணினி. அந்த ஆசை நியாயமானது, மதிக்க வேண்டியது. சிறு வயதில் ஏதோ ஒரு புத்தகம் மூட்டிய கனல்தான் அவர்களை அந்த அறைவரை கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. ஆனால், ஆய்வு மாணவர்களோடு பல ஆண்டுகள் ஆய்வகத்தில் உட்கார்ந்து பழகிய இக்கட்டுரையாளர் அவர்களிடம் முதலில் கேட்பது வேறொன்று: அந்தத் தலைப்பில் ஆய்வு செய்கிறவர் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு என்ன செய்துகொண்டிருப்பார்?

ஐந்து வருடத்தை ஓட்டுவது அந்த மூன்று மணி வேலைதான். பெரிய கேள்வி மாதத்தில் ஒரு நாள் நினைவுக்கு வரும். மற்ற நாட்களில் வெற்றிடப் பம்பின் கசிவைத் தேடுவதும், ஓடாத நிரலைப் பிரித்துப் பார்ப்பதும், ஒரு தொகையீட்டை நான்காவது முறையாகப் போட்டுப் பார்ப்பதும்தான். அதில் ருசி கண்டவர் தாக்குப்பிடிக்கிறார். அதைச் சகித்துக்கொண்டு பெரிய கேள்விக்காக மட்டும் காத்திருப்பவர் மூன்றாவது வருடத்தில் சோர்ந்துபோகிறார்.

ஜோசலின் பெல்லின் கதையை இதற்காகவே மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. வட அயர்லாந்துக்காரர், கிளாஸ்கோவில் இயற்பியல் படித்துவிட்டு 1965-ல் கேம்பிரிட்ஜில் ஆய்வுக்குச் சேர்ந்தார். பல்சாரைக் கண்டுபிடித்தவர் என்று அவரைப் பாடப்புத்தகம் அறிமுகப்படுத்துகிறது. அவருடைய ஆய்வுத் தலைப்பு பல்சார் அல்ல. பல்சார் என்ற பெயரே அப்போது கிடையாது.

அவருடைய வழிகாட்டி ஆன்டனி ஹூயிஷ் வகுத்திருந்த திட்டம், வானில் ரேடியோ அலைகளை வீசும் மூலங்களின் கோண அளவைக் கணிப்பது. வெறும் கண்ணுக்கு விண்மீன் மினுக்குகிறது, கோள் மினுக்குவதில்லை. விண்மீன் புள்ளியாகத் தெரிவதும் கோள் சிறு தட்டாகத் தெரிவதும்தான் காரணம். ரேடியோ அலையிலும் இப்படி நடக்கிறது. சூரியனிலிருந்து சதா வீசிக்கொண்டிருக்கும் மின்னேற்றத் துகள்களின் காற்றைக் கடந்து வரும்போது, கோண அளவில் மிகச் சிறிய மூலங்கள் மினுக்கும், பெரியவை மினுக்காது. மினுக்குபவற்றைப் பொறுக்கி எடுத்தால் குவாசார்கள் அகப்படும். அடக்கமான, தெளிவான, செய்து முடிக்கக்கூடிய திட்டம் அது.

கருவியை முதலில் கட்ட வேண்டியிருந்தது. நாலரை ஏக்கர் புல்வெளியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரக் கம்பங்கள் நட்டு, 2,048 டைபோல் ஆன்டெனாக்களைக் கட்டி, அவற்றை இணைக்க சுமார் 190 கிலோமீட்டர் கம்பியும் கேபிளும் இழுத்தார்கள். ஆள் வைத்துச் செய்யவில்லை. மாணவர்களே சம்மட்டி பிடித்தார்கள். இரண்டு வருடம் பிடித்தது. 1967 ஜூலையில் தொலைநோக்கி ஓட ஆரம்பித்ததும் அதை இயக்குவதும், வருவதைப் படித்து அலசுவதும் பெல்லின் பொறுப்பாயிற்று.

வருவது காகிதத்தில் வந்தது. பேனா முனைகள் மேலும் கீழும் கோடிழுத்தபடி நாளொன்றுக்குச் சுமார் 96 அடி, அதாவது ஏறத்தாழ முப்பது மீட்டர் நீளச் சுருள். வானத்தை ஒரு சுற்று முழுதாகப் பார்க்க நான்கு நாள். ஆகவே ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 400 அடி. கணினியிடம் கொடுக்காமல் கண்ணால் பார்த்தார்கள். கருவி புதிது, அது எப்படி நடந்துகொள்ளும் என்று முதலில் மனிதக் கண் பழக வேண்டும் என்பது ஏற்பாடு. பெல் அந்தக் காகிதத்தை அடி அடியாகப் படித்தார். மினுக்கும் மூலம் எப்படிக் கோடிழுக்கும், கார் எஞ்சினின் தீப்பொறி எப்படி இழுக்கும் என்று சில வாரங்களில் கண்ணுக்குப் பிடிபட்டது. அந்த 400 அடியில் கால் அங்குலம் மட்டும் இரண்டிலும் சேராமல் ஒரு கீறலாக நின்றது. இதே மாதிரி ஒன்றை இதே வானப் பகுதியில் முன்பும் பார்த்தோமே என்று அவருக்குத் தோன்றியது. பழைய சுருள்களை எடுத்துப் பிரித்தார். இருந்தது. அது விண்மீன்களோடு சேர்ந்து, தினம் நான்கு நிமிடம் முன்னதாக வந்துகொண்டிருந்தது.

வேகமாக ஓடும் பதிவுக் கருவியைப் பொருத்தி நவம்பர் முழுக்கக் காத்திருந்தார். நவம்பர் 28-ல் துடிப்புகள் தனித்தனியாகப் பதிவாயின. ஒன்றே கால் வினாடிக்குச் சற்று அதிகமான இடைவெளி, பிசகாமல் ஒரே சீராக. மனிதன் உண்டாக்கிய சமிக்ஞையாகத்தான் இருக்கும் என்று ஹூயிஷ் முதலில் நினைத்தார். டிசம்பர் 21 இரவில், வானத்தின் இன்னொரு மூலையில் இரண்டாவது கீறலைச் சோதிக்க பெல் போனபோது, குளிரில் கருவி சரியாக ஓடவில்லை. அதன் மேல் மூச்சை ஊதி, திட்டி, சரியாக ஐந்து நிமிடம் ஓட வைத்தார். அந்த ஐந்து நிமிடம் போதுமானதாக இருந்தது. 1.2 வினாடி இடைவெளியில் இன்னொரு துடிப்பு. இனி இது தொலைநோக்கிக் கோளாறும் அல்ல, வேற்றுக்கிரகச் செய்தியும் அல்ல. புது வகை விண்மீன். 1968 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் கட்டுரை வந்தது.

ஆனால் பெல்லின் ஆய்வேடு ரேடியோ மூலங்களின் கோண அளவைப் பற்றியதாகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டு வானியலின் மாபெரும் கண்டுபிடிப்புகளில் ஒன்று அதில் பின்னிணைப்பாக இடம்பெற்றது.

இதில் ஆய்வு மாணவர் பார்க்க வேண்டியது அதிர்ஷ்டத்தை அல்ல, திட்டத்தின் அமைப்பை. மினுக்கலை அளக்க வேண்டுமானால் கருவி வினாடியின் சிறு பகுதியில் நடப்பதையும் காட்டியாக வேண்டும். அதுவரை இருந்த ரேடியோ தொலைநோக்கிகள் பல வினாடிகளின் சராசரியைத்தான் கொடுத்தன. அவற்றில் பல்சாரின் துடிப்பு கரைந்து போயிருக்கும். மேலும், சூரியனிலிருந்து வெவ்வேறு தொலைவில் மூலம் எப்படி மினுக்குகிறது என்று அறிய, அதே வானத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாக வேண்டும். நுணுக்கமும் திரும்பச் செய்வதும் தலைப்புக்குள்ளேயே இருந்தன. பல்சாரே அகப்படாமல் போயிருந்தாலும் குவாசார் பட்டியலோடு பெல் பட்டம் வாங்கியிருப்பார். அகப்பட்டால் அதைக் கண்டுகொள்ளும் கருவியும் கையில் இருந்தது. நல்ல தலைப்புக்கு இரண்டும் வேண்டும்: எதிர்பார்த்தது மட்டுமே கிடைத்தாலும் தீசிஸ் எழுத முடிய வேண்டும், எதிர்பாராதது வந்தால் அது நுழைய வழி இருக்க வேண்டும்.

பெரிய பெயரோடு வந்த மாணவி ஒருவர் இக்கட்டுரையாளருக்கு நினைவில் நிற்கிறார். கரும்பொருளில்தான் ஆய்வு என்று உறுதியாக இருந்தார். படித்திருந்தார், நன்றாகவே பேசினார். ஆனால் கோர்ஸ் வொர்க்கின்போது குறைந்த வெப்பநிலை ஆய்வகத்தில் சிறு வேலையாக ஒரு படிகத்தின் மின்தடையை அளக்கச் சொன்னபோது ஆள் மாறிவிட்டார். படிகம் இரண்டு மில்லிமீட்டர் நீளம். அதில் தலைமுடியை விட மெல்லிய நான்கு தங்கக் கம்பிகளை வெள்ளிப் பசையால் ஒட்ட வேண்டும். வெளிக் கம்பிகள் இரண்டிலும் மின்னோட்டம், உள் கம்பிகள் இரண்டில் மின்னழுத்த அளவு. அப்போதுதான் ஒட்டிய இடத்தின் தடை கணக்கில் கலக்காது. நுண்ணோக்கிக்குக் கீழே மூச்சடக்கி ஒட்டுவார். காயும்போது ஒன்று விட்டுப்போகும். திரும்ப ஒட்டுவார். மாலை ஏழு மணிக்கு லேப் பூட்ட வருபவரிடம் இன்னும் பத்து நிமிடம் கேட்பார். குளிர்விக்கும்போது வந்த வளைகோடும் சூடாக்கும்போது வந்த வளைகோடும் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் நடுவில் ஒரு சிறு இடைவெளி விட்டபோது, பசைதான் காரணம் என்று ஒதுக்கிவிடாமல் இன்னொரு படிகத்தை எடுத்து ஒட்டினார். இடைவெளி திரும்ப வந்தது. அந்த இடைவெளி ஏன் என்பதுதான் பிறகு அவருடைய தீசிஸ். கரும்பொருள் பற்றிய புத்தகங்களை அவர் இப்போதும் ஆசையோடு படிக்கிறார்.

ஊக்கம் முன்னால் வந்து வேலை பின்னால் வரும் என்று நாம் நினைக்கிறோம். ஆய்வகத்தில் பெரும்பாலும் வேலை முன்னால் வருகிறது. ஓர் எண் சரியாக வரவில்லை என்ற உறுத்தல் மறுநாள் காலையில் சீக்கிரம் வரவைக்கிறது. அதைத்தான் ஊக்கம் என்கிறோம்.

அதனால் நாளைக்கே தொடங்கக்கூடிய தலைப்பு நல்ல தலைப்பு. மேரி கியூரி 1897 இறுதியில் தலைப்புத் தேடியபோது உலகம் முழுக்க எக்ஸ் கதிர் மோகம். ரான்ட்ஜன் கண்டுபிடித்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதைப் பற்றிக் கட்டுரைகள் குவிந்துகொண்டிருந்தன. யுரேனியத்திலிருந்து ஏதோ கதிர் வருகிறது என்று ஹென்றி பெக்கரெல் 1896-ல் சொன்னதை அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. மேரி அதை எடுத்தார். படிக்க வேண்டிய பழைய கட்டுரைகள் கைவிரல் விட்டு எண்ணக்கூடியவை. உடனே அளக்க ஆரம்பிக்கலாம். அளக்கும் கருவியோ வீட்டிலேயே இருந்தது. அழுத்தினால் மின்னேற்றம் தரும் குவார்ட்ஸ் படிகத்தின் குணத்தை அவருடைய கணவர் பியரும் மைத்துனர் ஜாக்கும் சேர்ந்து கண்டறிந்து, அதை வைத்து மிக நுண்ணிய மின்னோட்டத்தை அளக்கும் ஏற்பாட்டையும் செய்திருந்தார்கள். யுரேனியம் காற்றில் உண்டாக்கும் மின்னோட்டம் அவ்வளவு நுண்ணியதுதான். கேள்வியும் கருவியும் அங்கே பொருந்தின.

இடம்தான் மோசம். பியர் வேலை பார்த்த பள்ளியில் சாமான் போட்டு வைக்கும் கண்ணாடிச் சுவர் அறை, ஈரமும் குளிரும். 1898 பிப்ரவரியில் ஒரு நாள் அறை வெப்பநிலை 6.25 டிகிரி என்று நோட்டில் எழுதி வைத்தார். கையில் கிடைத்த தாதுக்களையும் சேர்மங்களையும் ஒவ்வொன்றாக அளந்துகொண்டே போனார். தோரியமும் கதிர் வீசியது. பிட்ச்பிளெண்ட் என்ற தாது, அதிலிருக்கும் யுரேனியத்துக்கு உரியதைவிட மிக அதிகமாக வீசியது. அளவு தப்பா என்று சரிபார்த்து, தப்பில்லை என்று உறுதியானதும், தாதுவுக்குள் புதுத் தனிமம் ஒன்று ஒளிந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1898 ஜூலையில் பொலோனியம், டிசம்பரில் ரேடியம். 1903 ஜூனில் முனைவர் பட்டம், அதே வருடக் கடைசியில் நோபல்.

நம் ஊரில் தலைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழிகாட்டியைப் பற்றியும் ஆய்வகத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். சேருவதற்கு முன் அந்த லேபில் நான்காவது, ஐந்தாவது வருடம் இருக்கும் சீனியரோடு ஒரு டீ குடிக்க வேண்டும். கைடு எப்படி, வாரத்துக்கு ஒரு தடவையாவது உட்கார்ந்து பேசுவாரா, கருவி உடைந்தால் சரிசெய்ய எவ்வளவு நாளாகும், திரவ ஹீலியம் ஒழுங்காகக் கிடைக்கிறதா, கணினித் தொகுதியில் வரிசை எவ்வளவு நீளம், புராஜெக்டுக்கான நிதி எந்த வருடம் முடிகிறது. இவற்றைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது. ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். 42,000 ரூபாய் என்று 2023-ல் உயர்த்தினார்கள். அது எல்லையற்ற காலத்துக்கு வருவதில்லை. வீட்டில் தங்கை படிப்பையும் அப்பாவின் கடனையும் சுமக்கும் மாணவருக்குத் தலைப்பு எத்தனை வருடத்தில் முடியும் என்பது அறிவியல் கேள்வியைப் போலவே முக்கியம். அதைச் சின்ன விஷயம் என்று எந்த வழிகாட்டியும் ஒதுக்கக் கூடாது.

இன்னொன்று, ஆய்வேடுகளைப் படிப்பது. ஷோத்கங்கா தொகுப்பில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் கிடைக்கின்றன. முன்னுரையை எல்லோரும் படிப்பார்கள். கேள்வி அங்கே அழகாகத்தான் இருக்கும். இரண்டாம் அத்தியாயத்தை, அதாவது கருவியையும் செய்முறையையும் விவரிக்கும் பகுதியைப் படிக்கச் சொல்வது இக்கட்டுரையாளரின் வழக்கம். அதைப் படிக்கும்போது கை பரபரத்தால் அந்தத் துறை பொருந்தும். கொட்டாவி வந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

தனக்குப் பொருந்தும் இடம் எது என்ற தடுமாற்றம் பெரியவர்களுக்கும் வந்திருக்கிறது. வானியற்பியலாளர் சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1928-ல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். சோமர்ஃபெல்டின் அணுக் கட்டமைப்புப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்த அந்த மாணவர் தங்கும் விடுதிக்கே போய் அவரைச் சந்தித்தார். அந்தப் புத்தகத்துக்குப் பிறகு இயற்பியல் முழுக்க மாறிவிட்டது என்று சோமர்ஃபெல்ட் சொல்லி, உலோகங்களுக்குப் புதிய புள்ளியியலைப் பொருத்தித் தான் எழுதியிருந்த கட்டுரையின் அச்சுப் படியைக் கொடுத்தார். மனமுடைந்து உட்காராமல் சந்திரசேகர் அதைப் படித்து, அதே புள்ளியியலை வைத்துச் சொந்தமாக ஒரு கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபவுலர் மூலம் ராயல் சொசைட்டி இதழில் அது வெளியானது. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறுமீன்களை அந்தப் புள்ளியியலால் விளக்கியிருந்தவர் ஃபவுலர். சந்திரசேகருக்கு அவரே வழிகாட்டியானார். 1930-ல் கேம்பிரிட்ஜுக்குப் போகும் கப்பலிலேயே, வெண்குறுமீனின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்ற கணக்கு பத்தொன்பது வயது இளைஞரின் கையில் விழுந்துவிட்டது.

பின்னாளில் நோபல் பரிசு வாங்கித் தந்த அந்தக் கணக்கு அவருடைய முனைவர் பட்டத் தலைப்பாகவில்லை. கேம்பிரிட்ஜில் அவர் தனித்தும் தளர்ந்தும் போனார். சுற்றிலும் குவாண்டம் இயக்கவியலின் பொற்காலம். குவாண்டம் கோட்பாட்டாளர் டிராக் இருக்கும் ஊரில் விண்மீன்களைக் கட்டிக்கொண்டிருக்கிறோமே என்ற ஏக்கம். தூய கோட்பாட்டு இயற்பியலுக்கு மாறிவிட வேண்டும் என்ற எண்ணத்தில், டிராக்கின் யோசனைப்படி 1932-ல் கோபன்ஹேகனில் நீல்ஸ் போரின் நிறுவனத்துக்குப் போனார். டிராக் சொன்ன ஒரு பிரச்சினையைப் போட்டார். விடை கிடைத்தது போல் இருந்தது. பிறகு அது சரியில்லை என்று தெரிந்தது. உதவித்தொகைக் காலமோ முடியப்போகிறது. அப்போது கை எதில் தானாக ஓடுமோ அதற்கே திரும்பினார்: சுழலும், உருக்குலையும் வாயுக் கோளங்களின் சமநிலை. கட்டுரைகள் மளமளவென்று வந்தன, 1933-ல் பட்டமும் வந்தது.

பிறர் துறையின் ஒளியைப் பார்த்துத் தன் துறை மங்கலாகத் தெரிவது எல்லா ஆய்வு மாணவருக்கும் வரும் காய்ச்சல். சந்திரசேகருக்கே வந்தது என்பதை இரண்டாம் வருட மாணவர்களிடம் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அந்தச் சுழலும் கோளங்களை அவர் முற்றிலும் கைவிடவும் இல்லை. பத்தாண்டுக்கு ஒரு துறை என்று மாறி மாறி உழைத்தவர், 1960-களில் சுழலும் திரவ நீள்கோளங்களின் சமநிலைக்குத் திரும்பி வந்து 1969-ல் அதைப் பற்றி முழுநூல் எழுதினார்.

சந்திரசேகர் சென்னையில் சந்தித்த அதே சோமர்ஃபெல்டின் மாணவர் ஹைசன்பர்க். அணுக் கோட்பாட்டில் ஊறிக் கிடந்தவருக்கு 1923-ல் முடித்த முனைவர் பட்டத்துக்குத் தலைப்பாகக் கிடைத்தது நீரோட்டத்தில் கொந்தளிப்பு எப்போது தொடங்கும் என்பது. கடினமான கணக்கு, வேறு மாணவருக்கு இதைக் கொடுத்திருக்க மாட்டேன் என்ற பொருளில் சோமர்ஃபெல்ட் தன் மதிப்பீட்டில் எழுதினார். வாய்மொழித் தேர்வில் வில்ஹெல்ம் வீன், நுண்ணோக்கியின் பிரித்தறி திறனைப் பற்றிக் கேட்டபோது ஹைசன்பர்க்கால் பதில் சொல்ல முடியவில்லை. தட்டுத் தடுமாறித்தான் தேறினார். இரண்டு வருடத்தில் குவாண்டம் இயக்கவியலைப் படைத்தார். 1927-ல் நிச்சயமின்மைக் கோட்பாட்டை விளக்க அவர் கையிலெடுத்த உதாரணம் காமாக் கதிர் நுண்ணோக்கி. ஆய்வேட்டின் தலைப்பு ஒருவரின் அடுத்த ஐம்பது வருடத்தைத் தீர்மானித்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

கோட்பாட்டாளருக்குக் கம்பியும் இல்லை, காகிதச் சுருளும் இல்லை; அவருக்கு மூன்று மணி வேலை எது என்று கேட்கலாம். ரிச்சர்ட் ஃபைன்மனுக்கு அது விடாத ஒரு சந்தேகமாக இருந்தது. எலக்ட்ரான் தன்னோடு தானே வினைபுரிவதைக் கணக்கிட்டால் முடிவிலி வருகிறதே என்று இளநிலை மாணவராக இருந்தபோதே அவருக்கு உறுத்தியது. எலக்ட்ரான் தன்மேல் தானே வினைபுரியாது என்று வைத்துக்கொண்டால் என்ன என்ற எண்ணத்தோடு பிரின்ஸ்டனுக்கு வந்தார். வழிகாட்டி ஜான் வீலரோடு சேர்ந்து அதை ஒரு கோட்பாடாக்கினார். அதற்கு குவாண்டம் வடிவம் கொடுக்கப் புது வழி தேவைப்பட்டது. ஊர் விடுதியில் ஒரு விருந்தில் சந்தித்த ஐரோப்பிய இயற்பியலாளர் ஹெர்பர்ட் யேலே, டிராக்கின் பழைய கட்டுரை ஒன்றைச் சொன்னார். மறுநாள் நூலகத்தில் இருவரும் அதை எடுத்துப் பார்த்தார்கள். டிராக் 'ஒப்பானது' என்று எழுதியிருந்த இடத்தை, அப்படியே சமம் என்று வைத்து ஃபைன்மன் அங்கேயே கரும்பலகையில் போட்டார். ஷ்ரோடிங்கர் சமன்பாடு வந்து நின்றது. அதுதான் 1942-ல் ஆய்வேடானது. எலக்ட்ரான் தன்மேல் வினைபுரியாது என்ற முதல் எண்ணம் தவறு என்று பின்னால் அவரே 1965 நோபல் உரையில் சொன்னார். தவறான எண்ணம்தான், ஆனால் தினமும் காலையில் எழுந்ததும் கணக்குப் போட வைத்த எண்ணம்.

தலைப்பும் உழைப்பும் சரியாக அமைந்தும் பட்டம் கைக்கு வராமல் போன கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மாணி, 1940-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தார். ராமனின் சேகரிப்பில் வைரங்கள் நிறைய இருந்தன. அவற்றில் முப்பதுக்கும் மேற்பட்டவற்றின் ஒளிர்வை அன்னா மாணி ஆராய்ந்தார். வைரம் வீசும் ஒளி மங்கலானது. ஒரு நிறமாலை தட்டில் பதிய பதினைந்து, இருபது மணி நேரம் பிடிக்கும். ஆய்வகத்திலேயே இரவைக் கழிப்பார். தனித்தே ஐந்து கட்டுரைகள் வெளியிட்டு, 1945-ல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. படிக்கும்போதே மனம் கொதிக்கிறது. இயற்பியலை மேற்கொண்டு படிக்க லண்டனுக்குப் போனபோது கிடைத்த இடமோ வானிலைக் கருவிகளில். அதையே ஏற்றார். 1948-ல் நாடு திரும்பி, புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்ய வழி வகுத்தார். சூரியக் கதிர்வீச்சு, காற்றின் வேகம், ஓசோன் என்று அவர் நிறுவிய அளவைகள் இன்றைய சூரிய, காற்றாலை மின்சாரத் திட்டங்களுக்கு அடித்தளம். பெங்களூரில் இருட்டறையில் பழகிய பொறுமையான அளவையே புனேயிலும் தொடர்ந்தது.

மாணவர்கள் இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் எதை எடுத்தாலும் ஒன்றுதானா என்பார்கள். ஒன்றல்ல. உலகம் முழுக்க நூறு குழுக்கள் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பந்தயத்தில், ஒரே ஒரு பழைய கருவியோடு தனியாக நுழைவது நல்ல தேர்வல்ல. பத்து மாத அளவையை முடித்து எழுத உட்காரும்போது அதே முடிவு ஏற்கனவே அச்சாகியிருக்கும். வழிகாட்டிக்கே தெரியாத துறையில் மாணவரை இறக்கிவிடுவதும் நல்லதல்ல. வழிகாட்டிக்குப் பாதி தெரிந்த கேள்வி நல்லது. முதல் அடியை அவர் காட்டுவார், கடைசி அடி இருவருக்குமே தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில்தான் மூன்றாம் வருடத்தில் மாணவர் வழிகாட்டிக்குப் பாடம் எடுக்கத் தொடங்குவார். ஆய்வகத்தில் இக்கட்டுரையாளர் கண்ட சந்தோஷங்களில் அதைவிடப் பெரியது வேறில்லை.

கடைசியாக இன்னொரு மாணவரின் கதை. ரஸல் ஹல்ஸ் 1974-ல் ஆய்வுப் பணிக்காக போர்ட்டோ ரிகோவின் அரசிபோ தொலைநோக்கிக்குப் போனார். வழிகாட்டி ஜோசப் டெய்லரோடு வகுத்த தலைப்பு எளியது: பல்சார்களைத் தேடு. அதற்கான நிரலை அவரே எழுதினார். சிறு கணினியை ஒரு ப்ளைவுட் பெட்டிக்குள் வைத்து ஓட்டினார். 40 புதிய பல்சார்கள் கிடைத்தன. அவற்றில் ஒன்று 0.059 வினாடிக்கு ஒரு முறை துடித்தது. படிவத்தில் அந்தக் காலத்தை எழுதும் கட்டத்தில் ஓர் எண்ணை எழுதினார். அடுத்த முறை அளந்தபோது எண் மாறியிருந்தது. அடித்துவிட்டு வேறு எழுதினார். அதுவும் மாறியது. மறுபடி அடித்தார். தன் நிரலில்தான் கோளாறு என்று எண்ணி, இன்னும் நுணுக்கமாக அளக்கப் புது நிரல் எழுதினார். பல்சார் வேறொரு விண்மீனை ஏழே முக்கால் மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்றி வருகிறது என்பது அதன் பிறகுதான் விளங்கியது. ஈர்ப்பு அலைகள் உண்டு என்பதற்கு முதல் சான்றைப் பின்னர் தந்தது அந்த இணைதான்.

பட்டம் பெற்ற சில ஆண்டுகளில் ஹல்ஸ் வானியலை விட்டார். பல்சார் துறையில் நிரந்தர வேலை எளிதில் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவருக்கு இல்லை. 1977-ல் பிரின்ஸ்டன் பிளாஸ்மா இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்து, அணுக்கரு இணைவுக்கான வெம்மையான வாயுவில் மாசு அணுக்கள் எப்படிப் பரவுகின்றன என்பதற்குக் கணினி மாதிரிகள் எழுதினார். 1993-ல் அவருக்கும் டெய்லருக்கும் நோபல் அறிவிக்கப்பட்டபோதும் அந்த ஆய்வகத்தில்தான் இருந்தார், அரசிபோவில் இரவெல்லாம் எழுதித் திருத்திப் பழகிய அதே நிரல் வேலையைப் பார்த்துக்கொண்டு.